கருப்பட்டியின் நடுவில் எவ்வளவு குளிர்

கண்ணு,

வருகிற மாதத்தோடு எனக்குக் கல்லூரியில் வேலை முடிகிறது. துறையில் ஒரு மலர் போடுகிறார்கள். பழைய படங்கள், வாழ்த்துகள், அவற்றுக்கு நடுவில் நான் எழுதியதும் ஒன்று வேண்டுமாம். மாணவிகளுக்கு அறிவுரையாக எழுதிக் கொடுங்கள் மேடம் என்றார்கள். உட்கார்ந்து பார்த்தேன், ஒரு வரி ஓடவில்லை. ஊருக்குப் பொதுவாக அறிவுரை சொல்ல எனக்கு வராது. உனக்கென்றால் வரும், சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. போன வருடம் தை மாதம் நம் வீட்டில் நடந்ததை எழுதட்டுமா என்று உன்னிடம் கேட்டபோது, "எழுதுங்க. ஆனா என்னைய ரொம்ப நல்லவனாட்ட எழுதிப்போடாதீங்க" என்றாய். சரி. என்னையும் அப்படி எழுதப் போவதில்லை.

மலரைப் படிக்கிற பிள்ளைகளுக்காக முதலில் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். நட்சத்திரங்களுக்கு இடையே வாயுவும் தூசியும் கலந்த பெரிய மேகங்கள் இருக்கின்றன. அவற்றில் அங்கங்கே அடர்ந்த கட்டிகள் உண்டு. அந்தக் கட்டிகளில் சில தம் எடை தாங்காமல் உள்நோக்கிச் சரிந்து நட்சத்திரம் ஆகின்றன, சில அப்படியே கலைந்துபோகின்றன. எது ஆகும், எது கலையும் என்று சொல்ல எடை தெரிய வேண்டும். எடை தெரிய, உள்ளிருக்கும் தூசி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். தூசி கண்ணுக்குத் தெரியாத நீண்ட அலைகளில் மெல்ல ஒளிர்கிறது. சில அலைநீளங்களில் அந்த ஒளியை அளந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டால் வெப்பநிலை கிடைக்கும். ஒரே அளவு ஒளி வந்தாலும், தூசி குளிர்ந்திருக்கிறது என்றால் அங்கே தூசி அதிகம் என்று பொருள். ஆகவே வெப்பநிலையில் நாலைந்து டிகிரி பிசகினால் கட்டியின் விதியையே தப்பாகச் சொல்லிவிடுவோம்.

நான் இத்தனை வருட வேலையில் உருப்படியாகச் செய்தது அப்படி ஒரு கட்டியை அளந்ததுதான். அதற்குப் பட்டியலில் வாயில் நுழையாத ஒரு எண் உண்டு. படத்தில் கருகருவென்று, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த நீ அதைப் பார்த்துவிட்டுக் கருப்பட்டி என்றாய், வீட்டில் அந்தப் பேரே நின்றுவிட்டது. விண்ணில் இருந்த தொலைநோக்கி ஒன்று எடுத்த படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயலாம் என்று திறந்துவிட்டிருந்த காலம். கல்லூரியில் பின்பக்கத்துச் சிறிய அறை, இரண்டு கணினிகள், நானும் அப்போது முதுகலை படித்துக்கொண்டிருந்த ஷெரினும். தனிச்சுழியிலிருந்து, அதாவது அதற்குமேல் எதுவும் குளிர முடியாத எல்லையிலிருந்து, பன்னிரண்டு டிகிரி என்று விடை வந்தது. அந்த வெப்பநிலையில் கருப்பட்டிக்கு எடை போதாது, அது நட்சத்திரம் ஆகாது, கலைந்துவிடும் என்று இருவர் பேரிலும் கட்டுரை எழுதினோம். வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் பன்னிரண்டை எடுத்து மேற்கோள் காட்டினார்கள். எங்கள் கல்லூரி மாதிரி இடத்திலிருந்து அப்படி ஒன்று போவது சின்ன விஷயம் இல்லை. ஷெரின் இப்போது எங்கள் துறையிலேயே தற்காலிக விரிவுரையாளர். தையில் இது நடக்கும்வரை அவள் பேரில் இருந்த ஒரே கட்டுரையும் அதுதான்.

கொடுமுடியில் உன் பெரியப்பா மகள் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நீ பெங்களூரிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தாய். வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாய். இதே மேகங்களைப் பற்றி நீ செய்யும் முனைவர் ஆராய்ச்சி முடிகிற நேரம், களைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். அப்பா பல்லடத்தில் வண்டியை நிறுத்தி, நம் தீவனக் கடைச் சாவியைக் கடைப்பையனிடம் கொடுத்துவிட்டு வந்தார். காங்கேயம் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து உன் குரல் வந்தது.

"அம்மா, கருப்பட்டி பன்னெண்டு இல்லீங்மா. நடுவுல ஏழுதான் இருக்குது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "யாருகிட்டயெல்லாம் சொன்ன?" என்று கேட்டேன்.

அதுதான் நான் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி. வேறொரு மாணவி வந்து சொல்லியிருந்தால், ஏழு எப்படி வந்தது என்றுதான் கேட்டிருப்பேன். உன் வழிகாட்டியிடம் மட்டும் சொன்னதாகச் சொன்னாய். அவருக்கு அவசரம், வெளிநாட்டில் இன்னொரு குழுவும் அதே கட்டியை அளந்துகொண்டிருக்கிறது, அந்த வாரத்துக்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும் என்றாய். கல்யாணம் முடிந்து சொல்லலாம் என்று இருந்தாயாம், முடியவில்லையாம். அப்பா கண்ணாடியில் உன்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

அந்த முகூர்த்தத்தில் நான் எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்தேனோ தெரியாது. பந்தியில் உன் பெரியம்மா நம் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாறினார். பையனும் அம்மாளாட்டவே ஆயிட்டாப்ல என்று எதிர் வரிசைக்குக் கேட்கும்படி சொன்னார். நீ இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ரசத்துக்குக் கை குவித்தேன். எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பையன் எங்கே தவறியிருப்பான் என்று தேடுகிற கணக்கு. நான் எங்கே தவறியிருப்பேன் என்று ஒரு தடவைகூடத் தேடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் உன் கணினி ஏறியது. நீ சொன்னது புரியாத விஷயம் இல்லை. கட்டியின் வெளிப்புறத் தூசியில் சுற்றியுள்ள நட்சத்திரங்களின் ஒளி படுகிறது, அது கொஞ்சம் சூடாக இருக்கும். ஒளி உள்ளே நுழைய முடியாத நடுப்பகுதி குளிர்ந்து கிடக்கும். நாம் வெளியிலிருந்து பார்க்கும்போது முன்பக்கத் தோல், நடு, பின்பக்கத் தோல் எல்லாம் கலந்த ஒளிதான் வருகிறது. சூடான தூசி அதிகமாக ஒளிரும். ஆகவே மொத்தத்துக்கும் ஒரே வெப்பநிலை என்று வைத்தால் விடை தோலின் பக்கம் சாய்ந்துவிடும். இது எனக்கும் தெரியும். அப்படிச் சாய்ந்தாலும் ஒரு டிகிரிக்கு மேல் போகாது என்று எங்கள் கட்டுரையிலேயே எழுதியிருந்தேன். நீ ஐந்து டிகிரி என்றாய்; ஏழு என்றால் எடை போதும், கருப்பட்டி கலையாது, நட்சத்திரம் ஆகும். தோலை அடுக்கடுக்காக உரித்துக் கணக்கிடும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தாய்.

நான் விடவில்லை. குளிர்ந்த இடத்தில் தூசித் துகள்கள் மேல் பனி படியும், ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும், அப்போது அவை ஒளிரும் தன்மையே மாறும், அதற்கு என்ன எடுத்துக்கொண்டாய் என்று கேட்டேன். மூன்று விதமாக எடுத்துப் பார்த்ததைத் திரையில் காட்டினாய். மேகத்தின் பின்னணி மங்கல் ஒளியை எப்படிக் கழித்தாய் என்றேன். அதையும் காட்டினாய். கருவியின் அளவீட்டைக் குறை சொன்னேன். அதற்கும் வைத்திருந்தாய். எல்லாவற்றுக்கும் பதில் இருந்ததுதான் எனக்குக் கோபம். மறுநாளும் அப்படியே போயிற்று. அப்பா தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுக்களையில் நின்றே சாப்பிட்டார். கேட்டதையே நான் மூன்றாம் முறை கேட்டபோது நீ கணினியை மூடினாய்.

"நீங்க கேக்கறது கேள்வி இல்லீங்மா. பயம்."

"அடுத்த வாரம் ஷெரினுக்கு இன்டர்வியூ இருக்குது. நிரந்தர வேலை. அந்தக் கட்டுரைய வெச்சுத்தான் போறா. அது தெரியுமா உனக்கு?"

உனக்குத் தெரியாது. முகம் மாறிவிட்டது. ஆனாலும், அதற்கும் தூசியின் வெப்பநிலைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்டாய். சம்பந்தம் இல்லை, அது எனக்கும் தெரியும். ஷெரினுக்காக நான் பயந்தது உண்மை. அதே சமயம் அவளை என் முன்னால் நிறுத்திக்கொண்டதும் உண்மை. உனக்குப் பிள்ளைகள், மாணவர்கள் என்று வரும்போது இதை நினைத்துக்கொள். ஒருவருக்காக வாதாடுகிறோமா, அவர் பின்னால் ஒளிந்துகொள்கிறோமா என்று நமக்கே சட்டென்று தெரியாது.

மறுநாள் காலை காயப்போட்ட துணியை எடுக்க மாடிப்படி ஏறினேன். மேலே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நீயும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. நான் இருப்பது உங்களுக்குத் தெரியாது.

"அம்மா ரிட்டையர் ஆகட்டும் கண்ணு," என்றார் அப்பா. "அதுக்கப்பறம் போட்டுக்கலாமல்ல?"

நீ சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்தேன். போட வேண்டும் என்றுகூட விரும்பினேன். ஆனால் நீ, "சரிங்ப்பா" என்றாய்.

நான் படியிலேயே நின்றுவிட்டேன். நீ என்னை எதிர்த்து நின்றவரை எனக்கு ஒரு எதிராளி இருந்தான், சமாளித்துக்கொண்டேன். இது வேறு. நோயாளிக்குத் தெரியாமல் மருத்துவச் சீட்டை மறைப்பது மாதிரி எனக்காக ஓர் அளவையே மறைத்துவைக்க என் வீட்டில் இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நீயும் அன்போடுதான் சொன்னாய், அப்பாவும் அன்போடுதான் கேட்டார். அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. நான் இரண்டு நாள் கத்தியதில், உன்னைப் பொய்க்கு ஒப்புக்கொள்ளும் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். மீதிப் படிகளை ஏறி மேலே வந்தேன்.

"எனக்காக யாரும் எதையும் நிறுத்தி வெக்க வேண்டாம்" என்றேன். அப்பாவிடம் திரும்பி, "ஏனுங்க, நான் என்ன சீக்காளியா?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் என்ன பண்ணட்டும் அம்மணி. ஊட்டுல ஒருத்தருக்கும் சோறு எறங்க மாட்டீங்குது."

ஷெரினை வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து நேராக ஸ்கூட்டரில் வந்தாள். உன்னையே எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "இன்டர்வியூவுக்கு முன்னாடியேங்களா மேடம்?" என்று மட்டும் என்னைக் கேட்டாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. பிறகுதான் அந்தச் சோதனையைச் சொன்னாள். விடை தெரிந்த கட்டி ஒன்றை நீங்கள் இரண்டு பேருமே அளந்து பார்த்ததில்லையே என்றாள். கணினியில் தானே கட்டிகளை உண்டாக்குவதாகவும், உள்ளே வைக்கும் வெப்பநிலை என்ன என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்றும், தொலைநோக்கி பார்க்கிற மாதிரியே மங்கலாக்கி, புள்ளி புள்ளியாக விழும் கருவி இரைச்சலையும் சேர்த்து, படத்தை மட்டும் இருவருக்கும் தருவதாகவும் சொன்னாள். அவரவர் முறையில் அளந்து விடை கொடுக்க வேண்டும். ஏன் நீயே செய்ய வேண்டும், உனக்குச் சங்கடமில்லையா என்று அவளிடம் கேட்டேன்.

"பன்னெண்டு நிக்கும்னு நம்பித்தானுங்க செய்யறேன்" என்றாள்.

நீ உன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் கல்லூரியின் பின்னறைக்குப் போனேன். அந்த நாட்களில் நம் வீட்டில் இருந்த மாதிரி ஒரு இறுக்கம் அதற்கு முன்னால் இருந்ததில்லை. உன் தேர்வு முடிவுகள் வந்த நாட்களில்கூட இல்லை. காபி கேட்டால் கூட அது வேவு பார்ப்பதுபோல் இருந்தது. அப்பா கடையிலிருந்து போன் செய்து, முடிஞ்சுதா என்று கேட்பார். முடியவில்லை என்பேன். வைத்துவிடுவார்.

விடைகளை ஷெரின் நம் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் திறந்தாள். அடர்த்தி குறைந்த கட்டிகளில் நாம் இருவரும் சரி. நான் மூச்சு விட்டேன். அடுத்தது கொஞ்சம் அடர்ந்தது. என் விடை மேலே போயிருந்தது, உன்னுடையது ஒட்டியிருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. உள்ளே ஆறு வைத்திருந்த கட்டிக்கு நான் பதினொன்று சொல்லியிருந்தேன். ஷெரின் எண்களைப் படிக்கும் குரல் வரவரத் தணிந்துகொண்டே போயிற்று. பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். தப்பு என்னுதுதான் என்று சொன்னேன். சொல்லிவிட்ட பிறகு நினைத்த அளவு வலிக்கவில்லை. அதற்கு முந்தின நாட்கள்தான் வலித்தன.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதுங்க" என்றாள் ஷெரின்.

கடைசிக் கட்டிக்கு நீ நடுவில் ஏழு என்று எழுதியிருந்தாய். அவள் திரையை உன் பக்கம் திருப்பினாள். அவள் உண்டாக்கிய கட்டியின் நடுவில் வெப்பநிலை சட்டென்று ஏறியிருந்தது.

"இதுல என்னக்கா வெச்சீங்க?"

"இப்பத்தான் பொறந்த நட்சத்திரம் ஒண்ணு, ரொம்பச் சின்னது. உள்ள போகப் போக குளுரும்னு நீ முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிருக்கற தம்பி. அதனால உன் முறைக்கு அது தெரியவே தெரியாது."

உன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். கருப்பட்டிக்குள் இன்னும் நட்சத்திரம் பிறக்கவில்லை, பிறப்பதற்கு முந்தின கணத்தைப் பார்க்கிறோம் என்பதுதான் உன் கட்டுரையின் கடைசி வரி. உன் வழிகாட்டிக்கு ரொம்பப் பிடித்த வரி. கருப்பட்டிக்கு நீ சொன்ன ஏழு நின்றது. அந்த வரி நிற்கவில்லை. ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது கண்ணு. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது. அடுத்த நொடி உன் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை.

நீ வழிகாட்டிக்குப் போன் செய்தாய். அந்தச் சோதனையைக் கட்டுரையில் சேர்க்காதே, இருப்பதை அனுப்பு, நாம் தாமதித்தால் மற்றவர்கள் முந்திவிடுவார்கள் என்று அவர் சொன்னது அறைக்கு வெளியே வரை கேட்டது. நீ மொட்டை மாடிக்குப் போய்விட்டாய். அப்பா என்னைப் பார்த்தார். போய்ப் பேசு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் போகவில்லை. நான் என்ன சொன்னாலும் அது தோற்றுப்போன அம்மா சொல்வதாக ஆகிவிடும். அந்த வாரத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை. ஷெரின் வெங்காயம் உரித்துக்கொடுத்தாள், நான் அரிந்தேன். இருட்டுவதற்கு முன் நீ இறங்கி வந்தாய்.

"அந்த வரிய எடுத்துடறேனுங்மா. எங்க முறைக்கு அது தெரியாதுன்னே எழுதிடறேன். அக்காவோட டெஸ்ட்டையும் சேர்க்கறேன், பேரோட."

"உங்க சார்?"

"கோவமாத்தான் இருக்காரு."

சொன்னபடியே செய்தாய். அதனால் கட்டுரை தாமதமானது. வெளிநாட்டுக் குழு உன்னை முந்திக்கொண்டு எட்டு என்று வெளியிட்டது. உன்னுடையது இரண்டாவதாகத்தான் வந்தது. அதற்கு முன்பே எங்கள் பன்னிரண்டு நிற்காது என்று நானும் ஷெரினும் கையெழுத்திட்டு, எங்கள் கட்டுரை வந்த இதழுக்கு எழுதிவிட்டோம். அதை உடைக்கிற வேலை உன் தலையில் விழ வேண்டாம் என்று நினைத்தேன். ஷெரின் இன்டர்வியூவில், கேட்பதற்கு முன் தானாகவே சொன்னாளாம். வேலை கிடைக்கவில்லை. அதனால்தான் கிடைக்கவில்லையா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இன்னும் தற்காலிகமாகத்தான் இருக்கிறாள். உன் கட்டுரையில் இரண்டாவது பேர் அவளுடையது. நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று நான் உனக்கு எழுதித் தர முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்த மலரைத் தொகுப்பவளும் அவள்தான், இந்தப் பத்தியை வெட்ட மாட்டாளாம்.

நட்சத்திரம் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று பார்க்க, உயரமான பாலைவனத்தில் இருக்கும் பெரிய வானலை வாங்கிகளில், அதாவது ஆன்டெனாத் தொலைநோக்கிகளில், உனக்கு நேரம் கிடைத்தது. போன வாரம் புதிய படங்களை எனக்கு அனுப்பினாய், வழிகாட்டிக்கு அனுப்புவதற்கு முன்னால். நடுவில் சூடான புள்ளி எதுவும் இல்லை, வெப்பநிலை ஏழுகூட இல்லை, ஆறு என்று எழுதியிருந்தாய். நான் காலி செய்துகொண்டிருக்கும் பின்னறையில், பாதிப் புத்தகம் பெட்டிக்குள்ளும் பாதி தரையிலுமாகக் கிடக்க, அதைத் திறந்து வைத்துக்கொண்டேன். நட்சத்திரம் இல்லை என்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அந்த வாங்கிகள் சின்ன விவரத்தை நுணுக்கமாகக் காட்டும், பரந்த மங்கல் ஒளியைத் தவறவிட்டுவிடும். அதை ஈடுகட்டப் பழைய தொலைநோக்கிப் படத்தோடு சேர்த்துத் தைத்திருந்தாய். மூன்றாவது படத்தில் தைத்த இடத்தில் அளவு ஒட்டவில்லை என்று எனக்குப் பட்டது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்விட்டு வந்து மறுபடி பார்த்தேன். நேற்று மத்தியானம் உனக்குப் போன் போட்டேன். நீ கேன்டீனில் இருந்தாய், பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது.

ஆறு நிற்காது என்று நினைக்கிறேன் கண்ணு, மூன்றாவது படத்தில் தைத்த இடம் ஒட்டவில்லை என்றேன்.

தட்டுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்புறம் நாற்காலி நகர்ந்தது.

"எந்த ஓரத்துலங்மா? வெச்சுடாதீங்க, லேப்டாப்ப எடுத்துட்டு வாரேன்."

அம்மா